கறுப்பு டேப் சுற்றிய விசிறி

இங்கே மெக்கானிக் வேலைக்குப் போகிறவன் முதலில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். கனடாவில் அல்பர்ட்டாவுக்கு வந்து ஆறு வருடங்களாகியும் இது எனக்குப் பழகவில்லை. எங்கள் கராஜுக்கு வருபவை மோட்டார்ஹோம்கள். ஓய்வு பெற்றவர்கள் வீட்டை விற்றுவிட்டு, கட்டில், குசினி, குளியலறை எல்லாம் வைத்த பஸ் ஒன்றை வாங்கி அதிலேயே குடியிருக்கிறார்கள். எஞ்சின் சூட்டைப் பார்க்க டிரைவர் சீட்டுக்குப் போனால் அது யாரோ ஒருவரின் விறாந்தை. எஞ்சினைத் தொட வேண்டுமானால் அவர்களுடைய படுக்கையைத் தூக்க வேண்டும். இலங்கையில் மாத்தளை டவுனில் லொறிகளுக்குக் கீழே புரண்டு வேலை பழகிய நான், காலுறையோடு கம்பளத்தில் நடந்து போய் மெத்தையைத் தூக்குகிறேன்.

இந்த வண்டிகளின் விசிறியும் ஒரு புதினம்தான். நம் லொறியில் எஞ்சின் முன்னால், அதற்கும் முன்னால் ரேடியேட்டர், நடுவில் விசிறி. எஞ்சின் சுற்றினால் பெல்ட் சுற்றும், விசிறியும் சுற்றும். மோட்டார்ஹோமில் எஞ்சின் பின்னால் இருக்கிறது. ரேடியேட்டரோ பக்கவாட்டில், பெல்ட் எட்டாத இடத்தில். அதனால் எஞ்சினோடு ஒரு பம்பைப் பூட்டியிருக்கிறார்கள். அது எண்ணெயை அழுத்தி ஹோஸ் வழியாக அனுப்பும். விசிறியின் நடுவில் உள்ள சின்ன மோட்டாரை அந்த எண்ணெய் சுழற்றிவிட்டு எண்ணெய்த் தாங்கிக்கே திரும்பும். வாய்க்கால் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றுவதுபோலத்தான். எவ்வளவு எண்ணெய் போக வேண்டும் என்பதை ஒரு வால்வு தீர்மானிக்கும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் அது எண்ணெயை வேறு வழியில் திருப்பிவிடும், விசிறி மெதுவாகச் சுற்றும். சூடேறினால் எண்ணெய் முழுவதும் மோட்டாருக்குப் போகும். இன்னொரு தந்திரமும் இருக்கிறது. வால்வுக்குப் போகும் வயர் அறுந்தால் விசிறி நிற்பதில்லை, முழு வேகத்தில் சுற்றும். எஞ்சின் எரிவதைவிட விசிறி அலறுவது மேல் என்று செய்தவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

அந்தத் தந்திரத்தைத்தான் நான் தப்பாகப் பயன்படுத்தினேன்.

போன கோடையில் வயதான தம்பதியர் வந்தார்கள். மலை ஏறினால் வண்டி சூடாகிறது என்றார்கள். மறுநாள் காலையில் மகளைப் பார்க்க மலைகளைத் தாண்டிப் போக வேண்டுமாம். விசிறி வேகம் எடுக்கவில்லை. அழுத்தமானி பூட்டி, வால்வைச் சோதித்து, ஹோஸ்களை ஒவ்வொன்றாகப் பார்க்க முழு நாள் வேண்டும். நான் வால்வின் வயரைக் கழற்றினேன். விசிறி சீறிக்கொண்டு சுற்றியது, சூடு இறங்கியது. கழற்றிய வயரைக் கறுப்பு டேப்பால் சுற்றி, மற்ற வயர்களுக்குப் பின்னால் செருகினேன். வேலைத் தாளில் சரிபார்க்கப்பட்டது என்று எழுதினேன். கெட்டிக்காரத்தனம் என்றுதான் அப்போது நினைத்தேன். அந்த அம்மா எனக்கு ஒரு டப்பா பிஸ்கட் தந்துவிட்டுப் போனார்.

இப்படிச் செய்வதற்கு ஊரில் ‘டிரெக்ட் பண்றது’ என்று பெயர். நாவுலயிலிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு மாத்தளைக்கு ஏறும் லொறிகள் வழியில் கொதிக்கும். விசிறியைப் பிடித்துச் சுழற்றும் கிளட்ச் பழுதாகியிருக்கும், புதிய சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும். அதுவரைக்கும் கிளட்சில் ஆணி போட்டு முடுக்கி, விசிறி ஓயாமல் சுற்றும்படி செய்துவிடுவோம். ஆனால் நான் வேலை பழகிய மாத்தளைக் கராஜின் முதலாளி ரசீன் நானாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. டிரெக்ட் பண்ணிய இடத்தில் ஒரு சிவப்புத் துணித்துண்டைக் கட்டுவார். அடுத்து பொனெட்டைத் திறப்பவன் எவனாக இருந்தாலும் அது கண்ணில் படும். டிரைவரைக் கூப்பிட்டு அந்தத் துணியைக் கையால் தொடவும் வைப்பார்.

“டைவருக்குச் செல்லாம ஒரு வண்டியயும் உட வாணாம் தம்பி. செஞ்சத ஒளிச்சா அது வேல இல்ல, களவு” என்பார்.

மூன்றாம் நாள் அந்த மோட்டார்ஹோம் இழுவை வண்டியில் திரும்பி வந்தது. ஓயாமல் முழு அழுத்தத்தில் ஓடிய எண்ணெய், ஏற்கெனவே நைந்திருந்த ஒரு ஹோஸைப் பிளந்திருந்தது. சூடான புகைக்குழாயில் எண்ணெய் சிந்தி, கட்டிலுக்கு அடியிலிருந்து புகை வந்திருக்கிறது. ஆளுக்கு ஆபத்தில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் அந்த அம்மா பூனையை நெஞ்சோடு அணைத்தபடி இரண்டு மணிநேரம் நின்றாராம்.

ஃபோர்மன் கிரெக் டேப்பைக் கண்டுபிடித்தார். அவர் கத்தவில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று மட்டும் கேட்டார். வேலை போய்விடும் என்ற பயத்தில் என் வாயில் வந்தது இதுதான்: “எங்கள் நாட்டில் எல்லோரும் இப்படித்தான் செய்வோம்.”

கிரெக்கின் முகம் இளகியது. “ஓ, புரிகிறது. உன் தவறில்லை” என்றார். வேலை தப்பியது. ரசீன் நானாவையும் மாத்தளையின் அத்தனை கராஜ்களையும் ஒரு வாக்கியத்தில் விற்று நான் தப்பித்தேன். அன்று அந்த மன்னிப்பை ஏற்றுக்கொண்டு, நன்றியும் சொன்னேன். இதை எழுதும்போதும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

இலையுதிர் காலத்தில் செல்வராஜ் வேலைக்குச் சேர்ந்தார். நாவுலக்காரர், பஸ் டிப்போவில் பதினைந்து வருடம் வேலை செய்தவர். என்னைவிடச் சுத்தமான கை. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் முதல் வாரத்திலேயே, செல்வராஜ் முடித்த ஒவ்வொரு வண்டிக்குக் கீழேயும் கிரெக் டோர்ச்சோடு நுழைந்து வயர் வயராகத் தடவிப் பார்த்தார். மற்றவர்களின் வேலையை அவர் அப்படிப் பார்ப்பதில்லை.

ஒருநாள் தேநீர் இடைவேளையில் செல்வராஜ் என்னிடம் கேட்டார். “அண்ணே, எங் கைவேலைய மட்டும் ஏன் இந்த மனுசன் ரெண்டு தடவ பாக்குறாரு? நான் என்னா தப்பு செஞ்சேன்?”

புதுசில் எல்லோருக்கும் அப்படித்தான் என்று சமாளித்தேன். தேநீரைப் பாதியில் வைத்தேன். எழுந்து நேராக கிரெக்கிடம் போனேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அன்றைக்கு நான் சொன்னது பொய். எங்கள் ஊரில் இப்படிச் செய்தால் உரியவரிடம் சொல்வோம், அடையாளமும் கட்டுவோம். ஒளித்தது ஊர் இல்லை, நான்.

கிரெக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தோளைத் தட்டிச் சிரித்தார்.

“உன் ஆட்களை நீ விட்டுக்கொடுப்பதில்லை. நல்ல குணம்” என்றார். மீண்டும் சொன்னேன். கவலைப்படாதே, புரிகிறது என்றார். டோர்ச்சை எடுத்துக்கொண்டு செல்வராஜின் வண்டிக்குக் கீழே போனார்.

தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த செல்வராஜ் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்காகத்தானே பேசுனீங்க. எங்க போனாலும் நமக்கு நம்ம ஊரு ஆளுகதான் அண்ணே.”

கிரெக் தட்டிய தோளும் என்னுடையதுதான், செல்வராஜ் பிடித்திருந்த கையும் என்னுடையதுதான். இரண்டு பேரும் என்னை நல்லவன் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.