ஷூலியெனின் பதினோரு நாள்

பலகை ஷியாங் அக்காவின் அறையில், கதவுக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தது. அறுபத்திரண்டு ஆணி, அறுபத்திரண்டு அட்டை. சீனாவில் ஓர் எனாமல் ஆலை; அங்கே பேசின்களுக்கு வண்ணப் பூப்போடும் பூப் பிரிவில் கல்யாணமான பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்று. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. மாதவிலக்கு வந்ததும் அவரவர் போய்த் தன் அட்டையைச் சிவப்புக்குத் திருப்ப வேண்டும். மாதக் கடைசியில் ஷியாங் அக்கா மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் வெள்ளைக்குத் திருப்புவாள். பிள்ளை பெற அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு வரிசைப்படிதான் வரும். வரிசையை மீறி யாரும் உண்டாகிவிடாமல் பார்ப்பது அக்காவின் வேலை.

பெங் ஷூலியெனின் அட்டை திரும்பவே திரும்பாது. இரண்டு மாதம், மூன்று மாதம், ஒருமுறை ஐந்து மாதம் வெள்ளையாகவே தொங்கியது. கல்யாணமான புதிதில் அக்கா அவளை மருத்துவ அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வரிசையில் நிற்பவள் இப்படிச் செய்யலாமா என்று வழியெல்லாம் திட்டு. சோதனையில் ஒன்றுமில்லை. அடுத்த முறையும் ஒன்றுமில்லை. மூன்றாம் வருடத்தில், அவள் வாசலில் நின்றாலே நர்ஸ் எதுவும் கேட்காமல் சிறுநீர்ப் புட்டியை எடுத்து நீட்டினாள்.

"ஏண்டி, ஒன் அட்டை தூங்குதா, செத்தே போச்சா?" என்பார்கள் வண்ணம் தெளிக்கும் மேசையில். அவள் மேலுதட்டில் மெல்லிய ரோமம் இருந்தது. "அந்த மீசைய எடுத்துட்டு வா. இல்லன்னா ஆம்பளைங்க பிரிவுல சேத்துருவாங்க."

ஷூலியெனும் சிரிப்பாள். வாயில் துணிக் கட்டு இருப்பதால் சிரித்தாளா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

எண்பத்தாறாம் வருடத்துக்குப் பிரிவுக்கு நான்கு சீட்டு வந்தது. அதில் ஒன்று அவளுக்கு. சிவப்பு முத்திரை குத்திய காகிதம், டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் உண்டானால்தான் செல்லும். கணவன் கெச்சின் ஆற்றுப் படகுத்துறையில் கயிறு கட்டுகிறவன். அந்தக் காகிதத்தை அவன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு, சோறு தின்னும்போதெல்லாம் கிண்ணத்தைத் தள்ளித் தள்ளி அதைப் பார்த்தான்.

அதே வெள்ளை அட்டைக்கு இப்போது வேறு மரியாதை. ஜனவரிக்குப் பிறகு நாற்பத்தொன்பது நாள் அது திரும்பவில்லை. பூப் பிரிவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பேசின் அடுக்கைத் தூக்கப் போனால் யாராவது ஓடி வந்து வாங்கிக்கொண்டார்கள். அவள் மேசை முழுக்க அவர்கள் கொண்டுவந்த ஆரஞ்சு. ஐம்பதாம் நாள் அக்காவே அவளை மருத்துவ அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒன்றுமில்லை. ஆரஞ்சை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ஷூலியெனே உரித்துச் சுளை சுளையாகப் பங்கு வைத்தாள். வழக்கமாக வாயாடுகிற பெண்கள் அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு தின்றார்கள்.

இப்போது அந்த ஆலையை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். ஷூலியெனின் மகள் ஷென்ஜென் நகரத்தில் இருக்கிறாள். அவளுக்கும் தேதி தவறுகிறது, அம்மாவைப் போல அவளுக்கும் சினைப்பையில் நீர்க்கட்டிதான். தேதிகளைக் கைப்பேசியில் பதிந்து வைக்கிறாள். கணவனையும் டாக்டரையும் தவிர வேறு யாருக்கும் அந்தத் தேதிகள் தெரியாது.

"ஒங்க காலத்துல பலகைல தொங்கவிட்டாங்களாமே. வெக்கமா இல்லயாம்மா?" என்று ஒருநாள் போனில் கேட்டாள்.

"இருந்துச்சு."

போனை வைத்த பிறகு ஷூலியென் வெகுநேரம் அந்த ஆரஞ்சு வாசனையையே நினைத்துக்கொண்டிருந்தாள். அறுபத்தொரு பெண்கள் அவளுக்காக நாள் எண்ணினார்கள். இப்போது மகள் தனியாக எண்ணுகிறாள். இதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொன்னால் கோபப்படுவாள். கோபப்படுவதும் நியாயம்தான்.

அந்த எண்பத்தாறாம் வருடம் கோடை முழுக்க அவளுக்குக் கஷாயம். தாழ்வாரத்துப் பொது அடுப்பில் அவளுடைய மண்சட்டி கொதிக்கும்போது, மற்ற வீடுகளில் நாற்றம் தாங்காமல் ஜன்னலைச் சாத்துவார்கள். செப்டம்பர் நடுவில் கெச்சின் அவளைப் படகில் வூஹானுக்குக் கூட்டிப் போனான். அங்கே ஒரு டாக்டரம்மா காகிதத்தில் வட்டம் போட்டு, அதன் ஓரமாகக் குட்டிக் குட்டி வட்டங்கள் போட்டாள்.

"ரெண்டு சினைப்பைலயும் நீர்க்கட்டி. முட்டை இருக்கு, முழுசா வளந்து வெளிய வரத்தான் மாட்டேங்குது. ஒன்மேல தப்பு ஒண்ணுமில்ல."

நான்கு வருடத்தில் அந்த வாக்கியத்தை அவளிடம் யாரும் சொன்னதில்லை. விலக்கு வரவழைக்க ஒரு மருந்து, அது வந்த ஐந்தாம் நாளிலிருந்து ஐந்து நாளைக்கு ஐந்து மாத்திரை. ஊருக்குத் திரும்பி, செப்டம்பர் கடைசியில் விலக்கு வந்ததும் அந்த நாளைக் குறித்து டாக்டருக்குத் தந்தி அடித்தாள். பதில் கடிதத்தில் டாக்டர் எழுதியிருந்தாள்: அக்டோபர் இருபத்தொன்பதாம் தேதி, ஒரு நாள் முன்னே பின்னே. அன்று விலக்கு வந்தால் முட்டை வெளியே வந்திருக்கிறது, பிள்ளை தங்கவில்லை. வராவிட்டால் சோதனை செய்து பார்.

பதினெட்டாம் தேதி, தகடு வெட்டும் ஜுவான் வண்ணத் தொட்டிக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தாள். இருபத்து மூன்று வயது. மே மாதம்தான் கல்யாணம். அவளுடைய வரிசை எண்பத்தெட்டில். ஆனால் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அவள் அட்டை சிவப்பாகத்தான் இருந்தது. விலக்கு வராமலே அவளே போய்த் திருப்பியிருக்கிறாள். ஷியாங் அக்கா கவனிக்கவில்லை. தினமும் அறைக்குள் நுழைந்ததும் அவள் கண் போனது ஷூலியெனின் அட்டைக்கு.

அன்று மாலை வேலை முடிந்ததும் அக்கா ஷூலியெனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"ஜுவானுக்கு ரெண்டரை மாசம்."

"தெரியும். சமையக்காரருக்கே தெரியும்."

"முப்பதாந் தேதி நான் அறிக்கை அனுப்பணும். சீட்டு இல்லன்னா அவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி கலைக்கணும். நாந்தான் கூட்டிட்டுப் போகணும்."

ஷூலியென் கைவிரலில் ஒட்டியிருந்த பச்சை வண்ணத்தைச் சுரண்டினாள்.

"ஒன் சீட்டு சும்மா கெடக்கு," என்றாள் அக்கா.

"சும்மா கெடக்கல."

"நான் கேக்கல. கேக்கவும் கூடாது. நீயா எழுதிக் குடுத்தா அவ பேருக்கு மாத்தலாம். நீ மறுபடி வரிசைல கடைசி. எண்பத்தொம்பதோ தொண்ணூறோ."

"அப்ப எனக்கு முப்பதத் தாண்டிரும்."

"ஆமா."

"இருபத்தொம்பது வரைக்கும் டயம் குடுங்கக்கா."

"பதினோரு நாளு. அதுவரைக்கும் அவகிட்ட என்னன்னு சொல்றது?"

"இதையே சொல்லுங்க."

செய்தி ஆலையின் பொதுக் குளியலறைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நீராவிக்குள் ஒரு குரல் கேட்டது. "முட்டையே போடாத கோழி அடைகாக்க ஒக்காந்துருக்கு." இன்னொரு குரல் உடனே பாய்ந்தது. "அவ நாலு வருஷம் நின்னு வாங்குனது. ஒங்கப்பன் வீட்டுச் சொத்தா தூக்கிக் குடுக்க?" ஷூலியென் தலையில் சோப்பு நுரையோடு நின்றாள். இரண்டு குரலும் யாருடையவை என்று அவளுக்குத் தெரியும். இரண்டு பேருமே ஆரஞ்சு கொண்டுவந்தவர்கள்.

ஜுவான் தாமரைப் பூவும் மீனும் வெட்டிய தகடுகளைக் கொண்டுவந்து மேசையில் வைப்பாள். ஷூலியென் அதைப் பேசின்மேல் அழுத்திப் பிடித்து வண்ணம் தெளிப்பாள். நான்கு நாள் ஒரு வார்த்தை இல்லை. ஐந்தாம் நாள் ஷூலியெனே வாய்க் கட்டைக் கீழே இறக்கினாள்.

"மொதல்ல ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஜுவான் சுற்றுமுற்றும் பார்த்தாள். "வாசனைதாங்கக்கா. கேன்டீன்ல எண்ணெய் காயுற வாசனையே ஆகல."

"எனக்கு ஆகுதே."

"எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காதாம்."

"மார்பு வலிச்சுதா?"

"தொட்டாலே வலிச்சுது. ஒங்களுக்கு?"

"கொஞ்சம். மாத்திரையினாலயும் இருக்கும்."

ஜுவான் தகட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றாள். தன் முகத்தில் எதுவும் தெரிந்துவிடக் கூடாது என்று அவள் பாடுபடுவது ஷூலியெனுக்குப் புரிந்தது. தினமும் சாயங்காலம் இதே பேச்சு. தூக்கம் வருகிறதா, புளிப்பு பிடிக்கிறதா. ஷூலியென் உண்மையைத்தான் சொன்னாள். ஜுவானும் உண்மையைத்தான் சொன்னாள். வேறு யாரிடமும் கேட்க முடியாத கேள்விகள் அவை.

வீட்டில் கெச்சின் சீட்டைப் பற்றிப் பேசவில்லை. ஒருநாள் மட்டும், "நீ என்ன பண்ணாலும் சரி," என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அவசரப்படாத," என்றான்.

இருபத்தொன்பது, புதன்கிழமை. விடிந்ததும் தாழ்வாரக் கோடியிலிருந்த கழிப்பறைக்குப் போனாள். திரும்பி வந்து படுக்கை விளிம்பில் உட்கார்ந்தாள். கெச்சின் பாதி முகம் சவரம் செய்திருந்தான்.

"வந்துருச்சு. சொன்ன தேதிக்கு."

அவளுக்கு இருபத்தெட்டு வயது. இதுவரை ஒருமுறைகூடச் சொன்ன நாளில் வந்ததில்லை.

"நல்லதா, கெட்டதா?" என்று கேட்டான்.

"ரெண்டுந்தான்."

அவன் கத்தியைக் கழுவாமல் அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கண்ணாடியைத் தூக்கிச் சீட்டை எடுத்தாள். பத்து மாதம் கண்ணாடிக்கு அடியில் கிடந்ததில், முத்திரையின் சிவப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆலையில் முதலில் அட்டையைத் திருப்பினாள். பிறகு ஷியாங் அக்கா சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அக்கா அதைப் படித்துப் பார்க்காமலே மடித்தாள். "முட்டை வந்துருக்கு, பாரு. அடுத்த மாசமும் வரும்," என்றாள். அடுத்த மாதம் சீட்டு இருக்காது என்பது இருவருக்கும் தெரியும். மறுபடி சீட்டு வந்தது தொண்ணூறில். மகள் பிறந்தது அதற்கு அடுத்த வருடம்.

வெளியே பேசின்கள் உலரும் இடத்தில் ஜுவான் நின்றிருந்தாள். அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அழுது முடித்த முகம். நன்றி சொல்ல வாயெடுத்தவள் வேறொன்றைக் கேட்டாள்.

"இன்னிக்கு வராம இருந்திருந்தா?"

"குடுத்திருக்க மாட்டேன்."

ஜுவான் தலையாட்டினாள்.

"நானாயிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேங்கக்கா," என்றாள்.

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். மேசையில் முந்தின நாளின் நாற்பது பேசின்கள் பூப்போடாமல் கிடந்தன. ஷூலியென் தகட்டுக்காகக் கையை நீட்டினாள்.