இருட்டு நாட்களின் பற்றரி

தம்பலகாமத்து வயல்களில் தண்ணீர் மோட்டார்களைச் சோதித்துத் திருத்துவது என் வேலை. காலை ஏழு மணிக்கு முதல் மோட்டாரடியில் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குள் அங்கே கொண்டுபோய் விடுகிற பஸ் எங்கள் வீடு இருக்கும் துறைமுகப் பக்கத்திலிருந்து கிடையாது. அதற்காகத்தான் மோட்டார் சைக்கிள் வாங்கினேன். அதுவோ உதைத்துக் கிளப்ப முடியாத வகை. பற்றரி இறங்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மூன்று தடவை பிந்திப் போனதும் மேற்பார்வையாளர் கோபப்படாமலே சொன்னார்.

"இன்னொருக்காப் பிந்தினா, பிள்ளை, ஸ்டோர்ஸில குந்தியிருந்து சாமான் கணக்கு எழுதலாம். அங்க ஃபேனும் இருக்கு."

எனக்கு ஃபேன் வேண்டாம், வயல் வேண்டும். எனவே ஒரு கொப்பியை எடுத்துப் பட்டியல் போட்டேன்.

முதலில் பற்றரி. மாற்றி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கடையில் கொடுத்துச் சோதித்தேன், நல்லதென்று திருப்பித் தந்தார்கள். அடுத்தது, ஓடும்போது மின்னேற்றம் நடக்கிறதா என்பது. பதினான்கு வோல்ற்றுக்குச் சற்று மேல், சரி. மூன்றாவது, திறப்பைத் திருப்பி வண்டியை நிறுத்திய பிறகு எங்காவது மின்சாரம் கசிகிறதா? மீற்றரில் தெரிந்தது கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. வீதியோரக் கராச்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தங்கச்சி, இவ்வளவு கேள்வி கேட்டா எந்தச் சாமானுக்கும் வெக்கம் வரும். கொஞ்ச நாளைக்கு அத விட்டுப் பாருங்கோ" என்றார்.

விடவில்லை. ஒரு மாலை பற்றரி பன்னிரண்டரை வோல்ற்றுக்கு மேல் காட்டியது. நெகற்றிவ் வயரைக் கழற்றி விட்டுவிட்டுப் படுத்தேன். இப்போது வண்டிக்கும் பற்றரிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. காலையில் பார்த்தால் பதினொன்றரை. எதனோடும் இணைக்காத நல்ல பற்றரி ஓரிரவில் இப்படி இறங்காது. எனக்கு எரிச்சலைவிட ஆர்வம்தான் கூடியது. அன்று அடுத்த வீட்டு அண்ணனின் பற்றரியிலிருந்து வயர் கொடுத்துக் கிளப்பி, ஏழுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் போய்ச் சேர்ந்தேன்.

கொப்பியில் புதிய நிரல்கள் சேர்த்தேன்: மழை, உப்புக் காற்று, பனி, ஓடிய தூரம். எதுவும் பொருந்தவில்லை. ஏழெட்டு நாள் தொடர்ந்து மக்கர் பண்ணும், அண்ணனின் பற்றரிதான் கைகொடுக்கும், பிறகு மூன்று கிழமை ஒரு குறையும் இராது. 'வேறு' என்ற கடைசி நிரலில் இரண்டு சின்ன விடயங்களையும் எழுதியிருந்தேன். ஒன்று, பற்றரி வயரின் மேலே நான் போட்ட வாஷர் வயரின் கீழே இருந்தது. 'நான்தான் மாற்றிப் போட்டேனோ?' மற்றது, பற்றரிப் பெட்டிக்குள் ஒரு மீன் செதில். கடற்கரை வீட்டில் செதில் எங்கேதான் இராது என்று அந்த வரியைக் கோடு போட்டு வெட்டிவிட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கொப்பியைக் குசினி மேசையில் விரித்து வைத்திருந்தேன். அம்மா தேத்தண்ணிக் கோப்பையை வைக்க இடம் தேடிக் குனிந்தவர், அப்படியே நின்றார்.

"இது என்ன, அப்பா கணவாய்க்குப் போற நாளெல்லாம் எழுதி வச்சிருக்கிறாய்?"

"இது வண்டி நிக்கிற நாள் அம்மா."

"இருட்டு நாளெல்லோ இது எல்லாம்."

நிலவில்லாத இரவுகளில்தான் அப்பா உள்துறைமுகத்தில் பற்றரி லைற் வைத்துக் கணவாய் மீன் பிடிப்பார். நான் படுத்த பிறகு போவார், எழும்ப முதல் வந்து படுத்துவிடுவார். வண்டித் திறப்போ குசினி ஆணியில் தொங்கும்.

அப்பா முற்றத்தில் தூண்டில் நூலின் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தார். கொப்பியைக் காட்டினேன். மறுக்கவில்லை.

"என்ர பற்றரி செத்துப் போச்சு பிள்ளை. லைற் இல்லாம என்னெண்டு போறது?"

"என்னட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ தந்திருப்பாய். பிறகு நீ எதில போறது? தெரியாம எடுத்தா நீயும் போவாய், நானும் போவன் எண்டு நினைச்சனான்."

"அது இறங்கிப் போகுமெண்டு தெரியாதா அப்பா?"

"ஓடேக்க தன்பாட்டில கரண்ட் ஏறுமெண்டு நீதானே பெருமையாச் சொன்னனி."

சொன்னதுதான். கிளப்புவதற்கே மின்சாரம் வேண்டும் என்ற மீதியைச் சொல்லாமல் விட்டதும் நான்தான். அம்மா குசினிக்குள் இருந்து, "இன்சினியர் வீட்டில கள்ளன் பிடிபட்டான்" என்றார்.

அன்றும் இருட்டு நாள். மறுநாள் ஏழு மணிக்கு மோட்டாரடியில் நிற்க வேண்டும். வீட்டில் உயிரோடு இருந்த பற்றரி ஒன்றுதான். 'செத்துப் போன' மற்றதை வலைக் குவியலுக்குள் இருந்து எடுத்தேன். மூன்று வோல்ற். அவ்வளவு இறங்கியதை என் சார்ஜர் பற்றரியாகவே மதிக்கவில்லை. வண்டியைக் கிளப்பி, அதன் பற்றரியிலிருந்து பழையதற்கு வயர் கொடுத்தேன். மின்சாரம் ஒரேயடியாகப் பாயாதபடி இடையில் ஒரு பழைய ஹெட்லைற் பல்பையும் போட்டேன். பல்ப் மங்கலாக எரிந்தது. அப்பா பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தார்.

"இது எரிஞ்சா அங்க ஏறுதெண்டு அர்த்தமோ?"

"ஓம்."

"அப்ப செத்ததெண்டு சொன்னது பிழை."

அரை மணித்தியாலத்தில் வோல்ற் கூடி, சார்ஜர் அதை ஏற்றுக்கொண்டது. பின்னேரம் வரை ஏற்றினோம்.

"முழு இரவும் காணாது அப்பா. நாலு மணித்தியாலம் எரிஞ்சாப் பெரிய காரியம்."

"நாலு மணித்தியாலத்தில வாற கணவாய் வரட்டும்."

கொப்பியில் 'அப்பாவின் பற்றரி' என்று ஒரு நிரல் கீறி, வெறுமையாக விட்டுப் படுத்தேன்.

காலையில் முதலில் மீற்றரை எடுத்துக்கொண்டு வண்டியடிக்குப் போனேன். பன்னிரண்டு தசம் ஆறு. வாஷர் நான் போட்டபடியே இருந்தது. பொத்தானை ஒருமுறை அழுத்தினேன், கிளம்பிவிட்டது. அதை ஓடவிட்டுவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியை எடுக்கக் குசினிக்குள் வந்தபோது கொப்பி திறந்து கிடந்தது. வெறும் நிரலில் அப்பாவின் சாய்ந்த எழுத்து: 'நாலேகால் மணித்தியாலம். பிறகு மங்கல்.'

அவருடைய பற்றரியைச் சாக்கில் சுற்றி வண்டியின் பின்னால் கட்டினேன். வேலையிடத்தில் பெரிய சார்ஜர் இருந்தது. முதல் மோட்டாரடியில் போய் நின்றபோது ஏழுக்குப் பத்து நிமிடம் இருந்தது.