பெறுபேறு வந்த பின்னேரம்

முல்லைத்தீவுக் கரையோரத்தில் மீன்பிடிக் குடும்பம் எங்களுடையது. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று, இரண்டு பாடங்களில் சித்தியடையவில்லை என்று கண்டதும் பெறுபேறு தெரிந்த தொலைபேசியை அப்படியே வீட்டில் வைத்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் கடற்கரைக்குப் போய்விட்டேன். கவிழ்த்து வைத்திருந்த வள்ளம் ஒன்றின் மறைவில் அழுதபடியே தூங்கிப்போனேன்.

அம்மாவின் குரல்தான் எழுப்பியது. "றீற்றா! எங்கயடி நிக்கிறாய்? வந்திடு பிள்ளை!"

என் பெயர் நிரோசா. நான் கைக்குழந்தையாக இருந்தபோது சுனாமியில் போன என் அக்காதான் றீற்றா. உடல்கூடக் கிடைக்கவில்லை. அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று, கடலைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன்.

"அம்மா, நான் நிரோசா. இஞ்ச நிக்கிறன்."

என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். "சோதினையை இன்னொருக்கா எடுக்கலாம் பிள்ளை. உன்னை நான் எங்க போய்த் தேடுறது?"

அடுத்த வாரமே பாடசாலைக்குத் திரும்பினேன். விளங்காமல் மனப்பாடம் செய்ததுதான் பிழை என்று இரசாயனவியல் ஆசிரியை என் விடைகளை வைத்தே காட்டினார். அடிப்படையிலிருந்து மீண்டும் படித்தேன். இரண்டாம் தடவை நல்ல பெறுபேறு வந்தது. இப்போது பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.

எங்கே போனாலும் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். அன்றிலிருந்து அம்மா சில பின்னேரங்களில் என்னை றீற்றா என்றே கூப்பிடுகிறார். தொடக்கத்தில் திருத்தினேன். இப்போது "ஓம் அம்மா, வாறன்" என்று சொல்லி, அவர் கண்முன்னே போய் நிற்கிறேன்.