படத்தில் இல்லாத குடை

அக்காவின் கணவர் ஓவியர். கடைப் பலகை, பள்ளிக்கூடச் சுவர், தண்ணீர் லாரியின் முதுகு என்று எங்கே இடம் கிடைத்தாலும் வரைவார். வரையும்போது பழைய படங்களைப் பற்றிப் பேசுவார். "படம் தியேட்டர்ல முடிஞ்சிடுது மாப்ள. மிச்ச ரீல் கனவுலதான் ஓடுது."

எங்கள் தெரு சலூன்காரர், கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தின் கடைசிக் காட்சியை வரையச் சொன்னார். மழை, ரயில் நிலையம், நாயகன், நாயகி, பிரிவு. மாமாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ரயில் போன பிறகு ஈர நடைமேடையில் ஒரு சிவப்புக் குடை தன்பாட்டுக்கு உருண்டு போகும். அதை வரையத்தான் சின்ன வயதில் பென்சிலையே எடுத்தாராம். கல்யாணத்துக்கு முன்பே அக்காவிடம் சொல்லிவிட்ட கதை அது.

வரைந்து முடித்ததும் சலூன்காரர் கத்தரிக்கோலோடு வந்து பார்த்தார். நான் பெஞ்சில் கவிதைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

"குடை ஏதுங்க?"

"கடைசியில வருமே."

"வராது."

"நீங்க தூங்கியிருப்பீங்க."

"கறுப்பு வெள்ளைப் படத்துல சிவப்புக் குடையைப் பார்த்தவரு நீங்க. தூங்கினது யாரு?"

பெஞ்சு மொத்தமும் சிரித்தது. சலூன்காரர் போனில் படத்தை ஓட்டிக் காட்டினார். ரயில் போனது. மழை பெய்தது. 'வணக்கம்' என்று எழுத்து வந்தது. குடை வரவில்லை. மாமா இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, தளும்பும் டம்ளரை வைப்பதுபோல போனை மெதுவாகக் கீழே வைத்தார்.

"குடையை அழிச்சிடுங்க," என்றார் சலூன்காரர். " வர்றவன் போறவன் எல்லாம் என்னையில்ல கேலி பண்ணுவான்."

வீட்டில் அக்கா அடித்துச் சொன்னாள், "நானும்தான் அந்தக் குடையைப் பார்த்தேனே."

"எங்க பார்த்தே?"

அக்கா யோசித்தாள். "நீங்க சொல்லி."

"அப்போ இத்தனை வருஷமா எதைப் பார்த்து நான் வரையக் கத்துக்கிட்டேன்?"

"எதைப் பார்த்தா என்ன, வரைய வந்துடுச்சில்ல. சாப்பிடுங்க."

கவிதையும் அப்படித்தான் மாமா என்று சொல்ல ஒரு வாக்கியம் தயார் செய்தேன். அது வாய்க்கு வருவதற்குள் தட்டுகளைக் கழுவி முடித்திருந்தார்கள்.

மறுநாள் காலை மாமா சாம்பல் நிறப் பெயின்ட்டோடு சலூனுக்குப் போனார். மனசு கேட்காமல் நானும் போனேன். தூரிகை குடைப் பக்கமே போகவில்லை. முதலில் நாயகன் மழையில் மறைந்தான். அடுத்து நாயகி. பிறகு, கொஞ்சம் யோசித்து, ரயிலும்.

சலூன்காரர் சவரக்கத்தியோடு திரும்பினார். "என்னங்க, ஆளுங்களைக் காணோம்?"

"அவங்க படத்துல பத்திரமா இருக்காங்க, போன்லயே பார்த்துக்கலாம். இந்தக் குடைக்குத்தான் வேற போக்கிடம் இல்ல."

சலூன்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நாற்காலியில் பாதி மழித்த கன்னத்தோடு இருந்தவர், கண்ணாடி வழியாகவே சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"நல்லாருக்கே. இது எந்தப் படத்துல வருது?"

சலூன்காரர் குடையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், கத்தியைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் எடுக்கலீங்க. தலையை ஆட்டாதீங்க."

மாமா திரும்பவில்லை. கழுவி வைத்த தூரிகையை எடுத்து மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார்.