பிரபுவின் பெறாமகன்

எழுபதுகளின் நடுவில் நானும் மனைவியும் சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில், ஒரு வெள்ளைக்கார விதவையின் வீட்டுப் பின்னறைகளில் வாடகைக்கு இருந்தோம். ஒரு பொறியியல் அலுவலகத்தில் எனக்கு வரைபடம் கீறும் வேலை. வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரே மகன். வியட்நாம் போருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அவருக்கு மிஞ்சியிருந்த பெருமை ஒன்றுதான். டியூடர் வம்ச அரசர்கள் காலத்து இங்கிலாந்தில் அரசனைப் பகைத்துத் தலையைப் பறிகொடுத்த ஒரு பிரபுவின் வம்சம் அவர்.

தலை போனவரால் இவ்வளவு பெருமையா என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பிள்ளையை இழந்த வீடு என்பதால் அடக்கிக்கொண்டேன்.

ஒருநாள் அந்த வம்சாவளியைக் கொண்டுவந்து தந்தார். மடிப்புகளில் கிழிந்துபோன தாள். அதை ட்ரேசிங் தாளில் கறுப்பு மையால் புதிதாகக் கீறி, மகனின் பெயரோடு முடித்துத் தரவேண்டும் என்றார்.

"அவனோட எங்கட வழி முடிஞ்சுது. முடிஞ்சதை வடிவா எழுதிச் சுவரில மாட்டவேணும்."

அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் எனக்கு எப்போதும் என் பாஷையில்தான் ஞாபகம் வருகிறது.

வார இறுதிகளில் குசினி மேசையில் வைத்துக் கீறினேன். அந்தக் குடும்பம் லேசுப்பட்டதல்ல. தொட்டில் பிள்ளைகளுக்கே கலியாணம் பேசி வைத்திருக்கிறார்கள். விதவைகள் மறுபடி மறுபடி பிரபுக்களாகவே பார்த்து மணந்திருக்கிறார்கள். தலையோடு சேர்த்துப் பிரபுவின் பட்டமும் நிலமும் போயின. பின்னால் வந்த ராணி அவற்றைத் திருப்பிக் கொடுத்தபோது, பிரபுவுக்கு மகன் இல்லாததால் தம்பியின் மகனுக்குப் பட்டம் போனது. தாளில் பிரபுவிலிருந்து அவனுக்கு நேராக ஒரு கோடு இருந்தது. அவனுடைய சந்ததிதான் எங்கள் வீட்டுக்கார அம்மா.

தாளின் அடிக்கு வந்தபோது அம்மாவின் தங்கைக்கும் ஒரு மகன் இருப்பது தெரிந்தது. அம்மாவிலிருந்து அவனுக்குக் கோடு இல்லை. விடுபட்டுப்போயிற்று என்று நினைத்து மனைவியைக் கேட்டேன்.

"இதென்ன கேள்வியப்பா? தங்கச்சியின்ர பிள்ளை அவவுக்குப் பெறாமகன்தானே. கீறுங்கோ."

எங்கள் ஊரில் பெறாமகனும் மகன்தான். கொள்ளி வைக்கவும் அவனுக்கு உரிமை உண்டு. பிரபுவுக்குப் போட்ட மாதிரியே இங்கும் ஒரு கோடு போட்டு, திருப்தியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பார்த்ததும் அவர் முகம் கறுத்தது.

"இவனை ஏன் எனக்குக் கீழ வைச்சனீர்? பட்டாளத்துக்குக் கூப்பிடேக்க ஒளிச்சுத் திரிஞ்சவன். என்ர பிள்ளை போயிட்டான், இவன் உயிரோட இருக்கிறான். சுரண்டும் அதை!"

எனக்கும் சுர்ரென்று கோபம் வந்தது. மை சுரண்டும் பிளேடை எடுத்தேன்.

"சுரண்டுறன். ஆனா பிரபுவிலயிருந்து தம்பியின்ர மகனுக்குப் போற கோட்டையும் சுரண்டவேணும். அது இல்லையெண்டா நீங்களும் அவருக்கு ஆரோதான்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். வீட்டை விட்டு எழும்பச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் கதிரையில் உட்கார்ந்து, தாளில் மகனின் பெயரை விரலால் தடவினார்.

"போற அண்டு என்ர மகன் இவனைக் கட்டிப்பிடிச்சவன். 'நீயாவது அம்மாவோட இரு' எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவன்," என்றார். "எனக்குத்தான் இவன்ர முகத்தைப் பார்க்க ஏலாமப் போச்சு."

பிளேடை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாடி வைத்த ஓர் இளைஞன் வாசலில் நின்றான். தொலைபேசியில் பெரியம்மா வரச்சொன்னதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவர் வந்து அவன் கையைப் பிடித்து, மகன் போன நாள் தொட்டுப் பூட்டிக் கிடந்த அறைக்குக் கூட்டிப்போனார். இருவரும் அழுதது பின்னறை வரை கேட்டது. நானும் அழுதேன்.

பொழுதுபட அவன் விடைபெற எழுந்தான்.

"எங்க போறாய்?" என்று கேட்டார் அவர். "உன்ர அறையில படுக்கை விரிச்சிருக்கிறன்."