ராவுத்தர் வீட்டுக்கு வந்த தந்தி

காலை பத்து மணி நாற்பது நிமிடம். தந்தித் தாளின் மேல்மூலையில் அந்த நேரத்தை என் கையால்தான் எழுதினேன். மதுரையிலிருந்து வந்த செய்தி. கருவி தட்டத் தட்ட, எழுத்து எழுத்தாகத் தாளில் இறக்கிக்கொண்டே போனேன். முகவரி, எங்கள் ஊரில் தோல் வியாபாரம் செய்த ராவுத்தருடையது. உங்கள் மகனுக்கு ஆட்டத்தில் காயம், மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம், உடனே வரவும் என்பது அதன் பொருள். மகன் என்ற சொல் வந்தபோது என் விரல் ஒரு கணம் நின்றது. மறுகணம், நல்ல வேளை, நம் பையன் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று நான் நினைத்தது அதுதான்.

அது அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லின் சிறிய கல்லூரி ஒன்று அந்த ஆண்டு பல்கலைக்கழகக் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போயிருந்தது. தகரக் கூரை போட்ட சில வகுப்பறைகள்தான் அந்தக் கல்லூரி. மைதானம் கிடையாது. வற்றிப்போன குளத்துக்குள் கல் பொறுக்கி எறிந்துவிட்டு ஆடினார்கள். மொத்தம் பதின்மூன்று பேர், ராவுத்தருடைய மகனும் அதில் ஒருவன். எல்லோரும் வெறுங்கால். பந்து கிழிந்தால் ராவுத்தருடைய ஆட்கள் தைத்துக் கொடுப்பார்கள். முதல் ஆட்டத்தில், பூட்ஸ் போட்டு வந்த எதிரணிப் பையன் ஒருவன், "செருப்பை எந்தக் கோயில் வாசல்லடா விட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டானாம். "ஒங்க கோல்தான்டா கோயிலு. இன்னைக்குச் சுத்திச் சுத்தி வாரோம் பாரு" என்று எங்கள் பையன் சொன்னானாம். மூன்று கோல் போட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பஸ் கண்டக்டர்கள்கூட இறங்கி வந்து, யார் ஜெயித்தது என்று தந்தி அலுவலகத்தில் என்னைக் கேட்டுவிட்டுப் போவார்கள்.

என் மகனும் அந்தக் குளத்தில்தான் ஆடினான். ஆனால் அணியில் அவன் பெயர் இல்லை. பெயர் சேர்க்கப் பெற்றோர் கையெழுத்து வேண்டும், நான் போடவில்லை. அவன் அம்மா பிரசவத்தில் போன பிறகு எனக்கென்று மிஞ்சியவன் அவன் ஒருவன்தான். சிறு வயதில் மரத்திலிருந்து விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டவன். காயம் என்ற சொல்லையே நான் வீட்டுக்குள் விட்டதில்லை. "ஒரு கையெழுத்துத்தானப்பா" என்று மாதக்கணக்கில் கெஞ்சினான். "ஓடு, பழகு, யார் வேண்டாங்குறா? மேட்சுக்கு மட்டும் போகாத" என்றேன். இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள், "பாக்கத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு மதுரை பஸ் ஏறினான். அதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வழக்கமாகத் தந்தியைச் சேவகர்தான் கொண்டுபோவார். ராவுத்தர் எனக்குப் பல வருடப் பழக்கம் என்பதால், போஸ்ட் மாஸ்டரிடம் சொல்லிவிட்டு நானே சைக்கிளை எடுத்தேன். என்ன சொல்லித் தேற்றுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். முற்றத்தில் தோல் விரித்துக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துவிட்டுத் தந்தியை வாங்கினார். செய்தியை நான் படித்துச் சொன்னேன். அவர் வீட்டுக்குள் ஒருமுறை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி இது? எம்மவன் உள்ள காய்ச்சல்ல கெடக்கான், மூணு நாளாச்சு. செத்த நேரத்துக்கு முன்னாடிதான் கஞ்சி குடிச்சான்."

நான்தான் தப்பாக எழுதிவிட்டேனோ என்று தாளை வாங்கி மறுபடி படித்தேன். அதற்குள் அந்தப் பையன் போர்வையோடு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். உதடு வெடித்திருந்தது. "மாமா, கோவிச்சுக்கிறாதீக. எம் பேருலதான் அவன் ஆடுறான்" என்றான்.

அணியில் ஏற்கெனவே இருவர் அடிபட்டிருந்தார்கள். இவனும் படுத்துவிட, பத்துப் பேர்தான் மிச்சம். பதினோராவதாக என் மகன் இவன் பெயரைச் சொல்லிக்கொண்டு இறங்கியிருக்கிறான். போட்டி நடத்தியவர்கள் பதிவுத்தாளில் இருந்த முகவரிக்குத் தந்தி கொடுத்துவிட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் கோவையாக விளங்கியது. அப்போது அந்த ஈரத் தோல்களின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ராவுத்தர் தோல் ஏற்றும் வேனை எடுத்தார். வழியில் சின்னாளப்பட்டியில் சாலையோரம் சாயம் தோய்த்த சேலைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் சிவப்பைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். காயம் என்றால் எங்கே? தலையிலா? தந்தியில் ஒரு சொல் கூட்டி எழுதக்கூடாதா? ஒரு நாளைக்கு எத்தனையோ வீடுகளுக்கு இப்படிப்பட்ட மொட்டைச் செய்தியை எழுதி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன்.

"தம்பி, வண்டிய நான் ஓட்டிக்கிறேன். நீங்க மூச்ச மட்டும் விடுங்க" என்றார் ராவுத்தர்.

"அண்ணே, எழுதும்போது நல்ல வேளை நம்ம பையன் இல்லேன்னு நெனச்சேண்ணே."

அவர் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டார். "நானும் இப்பத்தான் அப்பிடி நெனச்சேன். விடுங்க."

மருத்துவமனை வாசலில் அணித் தலைவன் கோப்பையைத் துண்டில் சுற்றிக்கொண்டு நின்றான். ஜெயித்துவிட்டார்கள். காலை ஏழு மணிக்கே தொடங்கிய ஆட்டத்தின் முதல் பாதியில் வயிற்றில் பூட்ஸ் உதை வாங்கியும், ஒன்றுமில்லை என்று எழுந்து என் மகன் கடைசிவரை ஆடியிருக்கிறான். கோப்பையை வாங்க வரிசையில் நின்றபோது சுருண்டு விழுந்தான். உள்ளே ரத்தம் கசிகிறது, உடனே அறுக்க வேண்டும், தகப்பனார் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறோம் என்றார்கள். ஏட்டில் ராவுத்தர் மகனின் பெயர் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். "சார், உண்மையச் சொன்னா கப்பைப் புடுங்கிருவாங்க சார்" என்று தலைவன் என் கையைப் பிடித்தான். கோப்பையைக் கொண்டுபோய் வைகையில் போடு என்று கத்தினேன். பெயர் தவறென்றால் பதிவு செய்தவர்களை அழைத்து விசாரித்து எழுத வேண்டும், நேரமாகும் என்றார் குமாஸ்தா. நான் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ராவுத்தர் முன்னால் போய்விட்டார்.

"நாந்தான் பையனோட அத்தா. எங்க போடணும்?"

போட்டுவிட்டுத் திரும்பி, "பேரை எப்ப வேணாலும் மாத்திக்கலாம் தம்பி. புள்ளைய மாத்த முடியுமா?" என்றார்.

தகப்பனாருக்கு மட்டும் ஒரு நிமிடம் உள்ளே போக அனுமதி கிடைத்தது. அதனால் ராவுத்தர் போனார். நான் நடையில் நின்றேன். திரும்பி வந்தவர், மயக்கத்தில் இருக்கிறான் என்றார். கதவு மூடியது. அந்த மூன்று மணி நேரத்தில், ஆறு மாதம் முன்பு நான் போடாத கையெழுத்தை ஆயிரம் தடவை மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். போட்டிருந்தால் என் பெயர் அந்த ஏட்டில் இருந்திருக்கும். ஆனால் அடிபடாமல் இருந்திருப்பானா? இன்றும் அதே மேசையில்தான் வேலை பார்க்கிறேன். மகன் என்ற சொல் வரும் தந்தியை எழுதி முடித்தவுடன், பெயரையும் முகவரியையும் மூன்று தடவை திரும்பக் கேட்டு வாங்குகிறேன். மறுமுனையில் இருப்பவர்கள் எரிச்சல்படுகிறார்கள்.

அன்று மாலை நாலரை மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸம்மா வந்தார். ராவுத்தரும் நானும் ஒன்றாக எழுந்தோம். அவர் ராவுத்தரிடம்தான் பேசினார்.

"கண்ணு முழிச்சிட்டான், பயமில்ல. அத்தா வெளிய இருக்காருன்னு சொன்னேன். அதுக்கு, 'எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, பயந்துருவாரு'ங்கிறான்" என்றவர், என் பக்கம் திரும்பி, "நீங்க யாருங்க?" என்றார்.