இருபத்தேழாம் எண் வண்டி

இது எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் என் இடது காலில் இருக்கும் தழும்பை வந்து பார்க்கலாம். நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. இத்தனை நாளும் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்... வெட்கத்தில்.

தாத்தா சைக்கிள் பந்தயக்காரர். அப்பா மோட்டார் சைக்கிள். எங்கள் வீட்டுக் குழந்தைகள் நடக்கப் பழகுவதற்குள் கியர் மாற்றப் பழகிவிடும் என்று அத்தை கிண்டல் செய்வாள். அண்ணனும் நானும் அப்படித்தான் வளர்ந்தோம். அவன் வண்டி எண் 27. என்னுடையது 28.

போன வருடம் பெரிய அணி ஒன்றில் ஒரே ஓர் இடம் காலியானது. தேர்வுப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில், மூன்றாவது வளைவில், எனக்கு முன்னால் போன அண்ணன் சறுக்கி விழுந்தான். வண்டி அவன் மேல் கிடந்தது. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். விழுந்தவர்களைத் தூக்கிவிட நிற்கும் காவல் ஆள் அன்று அந்த வளைவில் இல்லை. அது எனக்குத் தெரியும்.

நான் நிற்கவில்லை.

ஆட்கள் போய்ச் சேர்வதற்குள் அண்ணன் போய்விட்டான். "புழுதியில ஒண்ணுமே தெரியலப்பா" என்றேன். அப்பா நம்பினார். அணியில் இடம் எனக்குக் கிடைத்தது.

நான்கு மாதம் கழித்து, ஒரு மாலை, அதே தடத்தில் தனியாகப் பயிற்சி. எங்கள் மெக்கானிக் மட்டும் எல்லைக்கோட்டருகே அறையில் இருந்தார். வண்டியில் ஒட்டியிருக்கும் சின்னப் பெட்டி கோட்டைக் கடந்ததும், அங்கிருக்கும் இயந்திரம் எண்ணையும் நேரத்தையும் அச்சடித்துவிடும்.

மணி 5.46. முதல் சுற்று. ஒன்றுமில்லை.

5.48. மூன்றாவது வளைவு நெருங்கியபோது, பின்னால்... டப்... டப்.

வேகத்தைக் குறைக்கும்போது அண்ணனின் வண்டி போடும் சத்தம் அது. எதிரொலி என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த சுற்றிலும் கேட்டது. வண்டியை அறைக்குத் திருப்பினேன்.

"வேற யாராவது ஓட்டுறாங்களா?"

"உன்னைத் தவிர யாரும்மா? கேட்டைப் பூட்டினதே நான்தான்."

மறுபடி கிளம்பினேன்.

5.58. அதே வளைவு. வெயில் முதுகுப் பக்கம். என் நிழல் எனக்கு முன்னால் நீளமாக ஓடியது.

அதன் பக்கத்தில்... இன்னொரு நிழல்.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது. சறுக்கினேன்.

வண்டி காலின் மேல். நகர முடியவில்லை. பெட்ரோல்... சொட்... சொட்.

கத்தினேன். தலைக்கவசத்துக்குள்ளேயே கத்தல் செத்துப்போனது.

டப்... டப்.

ஒரு வண்டி வந்தது. நின்றது. எஞ்சின் அணைந்தது.

காலடிச் சத்தம்.

கண்களை இறுக மூடிக்கொண்டேன். பயத்தால் அல்ல. அவனைப் பார்க்க எனக்கு முகமில்லை.

காலின் மேலிருந்த பாரம்... மெதுவாக... விலகியது.

6.09. மெக்கானிக் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"வண்டியைத் தூக்கி நிறுத்தினது யாரு?"



மறுநாள் மருத்துவமனையில் அப்பா என் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் அந்த அச்சுத் தாளைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினார். ஒவ்வொரு சுற்றிலும் 28. அதற்கு அடுத்த வரியில், அரை நொடி பின்னால், 27.

"27-ஓட பெட்டி நசுங்கிப்போச்சே. நான்தானே உங்க கையில கொடுத்தேன்" என்றார் மெக்கானிக்.

அப்பா விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினார். நான் விழுந்த சுற்றில் 28 கோட்டைக் கடக்கவில்லை.

27-உம் கடக்கவில்லை.

"அவன் நின்னுட்டான்மா" என்றார்.

என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் பார்க்கவில்லை.